கட்டணமா, கேஷ்பேக்கா? வீட்டுக் கடன் கேள்வி-பதில்

கேள்வி: கடன் 2,00,000. ஒரு வங்கியில் வட்டி 4.5%, கட்டணம் 1,000. இன்னொன்றில் 4.8%, கட்டணம் இல்லை, 500 கேஷ்பேக். இரண்டிலும் வட்டி 2 ஆண்டு மாறாது. எதை எடுக்க?

பதில்: இரண்டாவதை. முதல் வங்கிக்குப் போனால் கட்டணம் 1,000 போகும், கேஷ்பேக் 500 வராது. எடுத்த எடுப்பிலேயே 1,500 துண்டு. வட்டியில் மிச்சமாவது 0.3%, அதாவது ஆண்டுக்குச் சுமார் 600, இரண்டு ஆண்டுக்கு 1,200. இன்னும் 300 உதைக்கிறது. இதே கடன் 4,00,000 என்றால் மிச்சம் 2,400 ஆகிவிடும். அப்போது முதல் வங்கிதான். 2,50,000 கடனில் இரண்டும் சமம். தவணையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 25 ஆண்டுக் கடனில் தவணை வித்தியாசம் மாதம் 34தான், 24 மாதத்துக்குச் சுமார் 824. பாக்கி மிச்சம், குறைந்த வட்டியில் அசல் வேகமாகக் கரைவதில் இருக்கிறது.

கேள்வி: கேஷ்பேக்கை முன்பணத்தில் சேர்த்துக் கணக்குப் போடலாமா?

பதில்: கூடாது. கடன் பட்டுவாடா ஆன பிறகுதான் அது கைக்கு வரும்.

கேள்வி: கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டாம், கடனோடு சேர்த்துவிடலாம் என்கிறார்கள். நல்லதுதானே?

பதில்: எனக்கு எரிச்சலூட்டும் 'சலுகை' இதுதான். 1,000 கட்டணத்தை 4.5% வட்டிக் கடனில் சேர்த்து 25 ஆண்டு கட்டினால் மொத்தம் சுமார் 1,667. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வங்கி மாற்றி, ஒவ்வொரு முறையும் இப்படிச் சேர்ப்பவர்கள் உண்டு. பழைய கட்டணத்துக்கே வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கடன் வீட்டு மதிப்பில் 80% போன்ற எல்லையைத் தொட்டு நின்றால், சேர்க்கும் கட்டணம் எல்லையைத் தாண்டவைத்து வட்டி விகிதத்தையே ஏற்றிவிடலாம். சேர்ப்பதற்கு ஒரே நியாயம், வீடு கைமாறாமல் போனால் முன்கூட்டிக் கட்டிய கட்டணம் திரும்ப வராது என்ற பயம். அப்படியானால் சேருங்கள், பட்டுவாடா ஆனதும், அபராதமில்லாமல் முன்கூட்டிக் கட்ட அனுமதிக்கும் அளவுக்குள் அந்தத் தொகையை அசலில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: கேஷ்பேக் வாங்கிய 14-ஆம் மாதம் வீட்டை விற்றேன். இப்போது அதைத் திருப்பிக் கேட்கிறார்கள்!

பதில்: ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கேட்கத்தான் செய்வார்கள். கையெழுத்துப் போட்ட தாளைப் படித்தீர்களா? (கேஷ்பேக்குக்கு ஆசைப்பட்டு வேண்டாத வாக்குவம் கிளீனர் வாங்கியவன்தான் கேட்கிறேன்.) எத்தனை மாதத்துக்குள் மூடினால் திருப்ப வேண்டும், முழுசாகவா, கழிந்த மாதங்களைத் தள்ளியா என்று பாருங்கள். முன்கூட்டி அடைத்ததற்கான அபராதம் இதிலிருந்து வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: "கட்டணமே கிடையாது" என்றார்கள். மதிப்பீட்டுக்குப் பணம் வாங்கினார்கள். கடனும் மறுக்கப்பட்டது, பணமும் வரவில்லை.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. அந்த வாசகத்துக்குச் செயலாக்கக் கட்டணம் இல்லை என்று மட்டும் பொருள் சொல்வார்கள். மதிப்பீடு, வழக்கறிஞர், பதிவு எல்லாம் வேறு என்பார்கள். மதிப்பீட்டாளர் வந்துபோயிருந்தால் பணம் திரும்புவது கடினம். வராமலே மறுத்திருந்தால் விடாதீர்கள். விளம்பரத்தின் படம், ரசீது, மறுத்த கடிதம் மூன்றையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு எண் வாங்குங்கள். தொலைபேசியில் சண்டை போட வேண்டாம்.