ஆள் இல்லாத மலை

அன்புள்ள அக்கா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கொழும்பில் வேலை. போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது பத்தாம் நம்பர் மலையில் ஒரு சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இடுப்பில் கம்பி இறுகி, வனஜீவராசி ஆட்கள் வருவதற்குள் செத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒரே யோசனையாக இருக்கிறது. மனிதர்கள் இல்லாமலே போய்விட்டால் இந்தப் பூமி நன்றாக இருக்கும்தானே? செர்னோபிலில் ஆட்கள் வெளியேறியதும் காடும் விலங்குகளும் திரும்பி வந்துவிட்டன என்று வாசித்தேன். பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை என்றுகூட முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னால் அடிக்க வருகிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்தச் சிறுத்தையை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. சுருக்கு அதற்கு வைத்ததாக இருக்காது. மரக்கறித் தோட்டத்தைக் கிண்டும் பன்றிக்கு வைத்திருப்பார்கள். கம்பிக்கு எது பன்றி, எது புலி (சிறுத்தையைத்தான் நாம் அப்படிச் சொல்வோம்) என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் மாட்டியது. சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. கொரோனா ஊரடங்குக் காலம் அது. மனிதர் வீட்டுக்குள் அடங்கியதும் இயற்கை மூச்சு விடுகிறது என்று ஊரெல்லாம் வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்களே, அதே நாட்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கணக்குப் பார்த்தால் உங்கள் பக்கம்தான் கனம். 2018இல் வந்த ஓர் ஆய்வின்படி, பூமியிலுள்ள பாலூட்டிகளை எல்லாம் தராசில் ஏற்றினால் 36 வீதம் மனிதர், 60 வீதம் நாம் வளர்க்கும் மாடும் பன்றியும் ஆடும். காட்டு விலங்குகள், திமிங்கிலத்தையும் சேர்த்து, 4 வீதம். செர்னோபிலும் நீங்கள் வாசித்தபடிதான். 1986 அணு உலை விபத்துக்குப் பிறகு அங்கே ஓநாய்கள் பெருகியிருக்கின்றன. பிரெஸ்வால்ஸ்கி குதிரைகளும் மேய்கின்றன. ஆனால் அந்தக் குதிரை காட்டில் அடியோடு அற்றுப்போய், மிருகக்காட்சிச்சாலைகளில் மட்டும் மிஞ்சியிருந்த இனம். 1998இல் மனிதர்கள்தான் கொண்டுவந்து அங்கே விட்டார்கள்.

நம் மலையிலும் யானை இருந்தது. மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஒருவர் மட்டுமே 1,400க்கு மேல் சுட்டார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். (யானை விட்ட சாபம் என்று ஊரில் பேசாமலா இருந்திருப்பார்கள்?) இன்று ஹோர்ட்டன் சமவெளியில் மரை மேய்கிறது, யானை இல்லை. அப்புறம் கோப்பிக்காக மலை மலையாகக் காடு போனது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி படுத்தது, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. அந்தக் காட்டை வெட்டிய கைகளில் நம் பாட்டன்மார் கையும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த மலையை வெட்டுவது, யாருக்காக வெட்டுவது என்று தீர்மானித்தது அந்தக் கை இல்லை. துவக்கைப் பிடித்த மேஜரையும் பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில்) பேர் கொடுத்துவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு மலையேறிய ஆளையும் 'மனிதர்' என்று ஒரே கூடையில் போட்டால் எனக்குக் கணக்கு உதைக்கிறது.

இன்னொன்று. இங்கே ஆட்கள் அதிகம், போனால் நல்லது என்ற பேச்சு நமக்குப் புதிதா? 1948இல் மலையகத் தமிழரான நம் ஆட்களின் குடியுரிமை போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அதனால் மனிதர் வேண்டாம் என்று யார் சொன்னாலும், முதலில் எந்த மனிதர், பட்டியல் யார் கையில் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. கொழும்பில் பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டத்து ஆட்களின் பேரிலிருந்தா தொடங்குவார்கள்?

ஆள் போன மலை எப்படி இருக்கும் என்று பார்க்க நான் செர்னோபில் போக வேண்டியதில்லை. எங்கள் பழைய லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே ஏழாம் நம்பர் மலையைத் தோட்டம் கைவிட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. கவ்வாத்து இல்லாத தேயிலை முதலில் தலைக்கு மேலே போனது. இப்போது மரமாகவே நிற்கிறது. மஞ்சள் நடுவோடு வெள்ளைப் பூப் பூக்கிறது. அம்மா அந்தச் செடியில் முப்பது வருடம் கொழுந்தெடுத்தார், பூவைப் பார்த்திருப்பாரா தெரியாது. செடி செத்த இடமெல்லாம் மானாப்புல். காய்ச்சலான மாதங்களில் அது பற்றிக்கொள்கிறது. எரிந்த இடத்தில் மறுபடி மானாதான் முதலில் முளைக்கிறது. பறவை போட்ட விதையில் வந்த கன்றுகள் முழங்கால் உயரம் வருவதற்குள் அடுத்த தீ. ஓடையோரம், நெருப்பு எட்டாத ஒரு கீற்றில் மட்டும் உண்மையான காடு தலைகாட்டுகிறது. தீ வைப்பதும் மனிதர்தானே என்பீர்கள். ஆமாம். அதை அணைக்க ஓடுவதற்குத்தான் இப்போது அங்கே ஆள் இல்லை. சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்தில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நட்டு வளர்த்த பைன் மரங்களில் சில வரிசைகளை எடுத்துவிட்டு, மிச்ச நிழலில் நாட்டு மரக் கன்றுகளை வளர்த்துக் காட்டினார்கள். வெட்டவெளியில் பிழைக்காத கன்று பைன் நிழலில் பிழைத்தது. அதற்குக் குனிந்து குழி தோண்ட ஆள் வேண்டும்.

பல நூறு வருடம் விட்டால் தானாகக் காடு வரும் என்பதும் சரிதான். பூமிக்கு அவசரம் இல்லை. பூமிக்கு நல்லது கெட்டதும் இல்லை என்றே நினைக்கிறேன். 240 கோடி வருடங்களுக்கு முன்பு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் விட்ட ஒட்சிசன், அன்று வாழ்ந்த பல உயிர்களுக்கு நஞ்சு. பூமி யாரையும் கோபிக்கவில்லை, சுற்றிக்கொண்டேதான் இருந்தது. வலி அந்தச் சிறுத்தைக்கு. கம்பியை அறுக்கலாம், பன்றிக்கு வேலி போட்டுக்கொடுக்கலாம், நட்டத்துக்குக் காசு கொடுக்கலாம். பூமி நம்மை வேண்டாம் என்கிறது என்று சொல்லிவிட்டால் இதில் எதையுமே செய்ய வேண்டியதில்லை, பாருங்கள்.

பிள்ளை வேண்டாம் என்பது உங்கள் விருப்பம். அதற்குப் பூமியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அம்மாவிடமும் 'எனக்கு வேண்டாம்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், அடி கொஞ்சம் குறையலாம்.

நீங்கள் புலியில் தொடங்கியதால் எனக்கும் ஒரு புலி ஞாபகம் வருகிறது. நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு தேயிலைச் செடியின் அடியில் இரண்டு குட்டிகளைக் கண்டார்கள். கண் அப்போதுதான் திறந்திருந்ததாம். கங்காணி சத்தம் போடாமல் எல்லோரையும் இறக்கி, கொழுந்தே இல்லாத ஒரு கிழட்டு மலைக்கு நிரையை மாற்றிவிட்டார். தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக நான்கு நாளானது. ஒருவரும் தகரம் தட்டவில்லை, பந்தம் கொளுத்தவில்லை. அந்த நான்கு நாளும் கிலோ குறைந்து எல்லோருக்கும் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான், விழுந்தது. அதற்குப் பிறகு இரவில் வாள் அறுக்கிற மாதிரி அந்தக் குரல் ஓடைப் பக்கமிருந்து கேட்டால், அம்மா புரண்டு படுத்துக்கொண்டு, "கடன்காரி வந்துட்டா" என்பார்.

அன்புடன்,
அக்கா