ஓட்டை சிறிது, காயம் பெரிது

கேள்வி: உப்புவெளியில் கட்டாக்காலி நாயொன்று எங்கள் நாயின் கழுத்தில் கடித்துவிட்டது. இரண்டு சிறு ஓட்டைகள்தான். மஞ்சள் பூசினால் போதுமா?
- வாசகி, திருகோணமலை

பதில்: மஞ்சள் வேண்டாம் அம்மா. பல்லை இறக்கி உலுக்கும்போது தோலுக்கு அடியில் சதை கிழிந்துபோகும். மேலே ஓட்டை மூடிக்கொள்ள, உள்ளே அடைபட்ட கிருமி சில நாட்களில் சீழ் கட்டும். இந்த வெக்கையில் ஈ மொய்த்துப் புழுவும் வைக்கும்.

வலியில் வளர்த்தவரையே கடிக்கும்; மூச்சுத் திணறல் இல்லையென்றால் துணியால் வாயைக் கட்டி, கையுறை போடுங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். பிறகு சுற்றியுள்ள மயிரைக் கத்தரியுங்கள். கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் 9 கிராம் உப்பு (மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி) கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் பலமுறை கழுவுங்கள்; முனையை ஓட்டைக்குள் திணிக்காதீர்கள். டெட்டோல் சதையை அரிக்கும். பனடோல் கொடுக்கவே கூடாது, ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும்.

கழுத்துக் கடி என்பதால் இன்றே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள். உங்கள் கைக்கீறலில் எச்சில் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.