அப்பாவுக்கு ஆஸ்பிரின் தேவையா? ஆய்வுகளில் விடை தேடும் முறை

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். பிரஷருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை போடுகிறார். மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை, ஸ்டென்ட்டும் வைக்கவில்லை. போன முறை டாக்டரிடம் போனபோது தினம் ஒரு ஆஸ்பிரின் 75 மி.கி. சேர்த்து எழுதினார். இப்போது வாட்ஸ்அப்பில், 'ஆஸ்பிரின் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியும், அமெரிக்காவிலேயே நிறுத்திவிட்டார்கள்' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. சித்தப்பாவோ, 'ஐம்பது தாண்டினாலே எல்லோரும் போட வேண்டிய மாத்திரை அது' என்கிறார். கூகுளில் தேடினால் இரண்டுக்குமே ஆதாரம் கிடைக்கிறது. ஆராய்ச்சி முடிவுகளை நானே தேடிப் படித்துப் புரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கு முன்னால் ஒன்று: படித்து முடித்து டாக்டரிடம் பேசும்வரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் விஷயத்தில் இது இன்னும் கண்டிப்பு. அவர்கள் ஆஸ்பிரினைத் திடீரென விட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைக்கலாம்.

கூகுளில் இரண்டு பக்கமும் ஆதாரம் கிடைப்பதற்குக் காரணம், அவை இரண்டும் வேறு வேறு ஆட்களைப் பற்றியவை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு ஆஸ்பிரின் நன்மை செய்யும் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. இதுவரை எதுவும் வராதவருக்கு, வராமல் தடுக்க அது உதவுமா என்பது தனிக் கேள்வி. முன்னதை 'செகண்டரி பிரிவென்ஷன்' என்பார்கள், பின்னதை 'பிரைமரி பிரிவென்ஷன்'. உங்கள் அப்பா பிரைமரி வகை. சித்தப்பா சொல்வது பெரும்பாலும் செகண்டரி வகை ஆட்களிடம் பார்த்ததாக இருக்கும்.

ஆகவே தேடும் முன் கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு விவரம் அதில் இருக்க வேண்டும்: யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவுக்காக. உங்கள் கேள்வி இப்படி வரும்: சர்க்கரை நோயுள்ள, இதய நோய் வராத அறுபது வயதுக்காரருக்கு, தினம் குறைந்த அளவு ஆஸ்பிரின், போடாமல் இருப்பதோடு ஒப்பிட்டால், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் எவ்வளவு குறைக்கிறது, ரத்தக்கசிவை எவ்வளவு கூட்டுகிறது? கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நன்மையை மட்டும் கேட்டால் நன்மை மட்டும்தான் கிடைக்கும். 'ஆஸ்பிரின் ஆபத்து' என்று தேடினால் ஆபத்து மட்டும்தான் வரும்.

தேடலை எங்கே தொடங்குவது

தனித்தனி ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து தொடங்காதீர்கள். மேலிருந்து கீழே வாருங்கள்: முதலில் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டு நெறிகள், பிறகு பல ஆய்வுகளைச் சலித்துத் தொகுத்த 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ', கடைசியாகத்தான் ஒற்றை ஆய்வு.

வாட்ஸ்அப் செய்தியின் மூலம் ஒரு வழிகாட்டு நெறிதான். அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022-இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. இதய நோய் வராத, 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தடுப்புக்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பது அதன் சாரம். 40 முதல் 59 வரை, பத்து ஆண்டு இதய நோய் அபாயம் 10% அல்லது அதற்கு மேல் இருந்தால், ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றது. 'நிறுத்திவிட்டார்கள்' என்பது இதன் திரிந்த வடிவம். மாரடைப்பு வந்தவர்களைப் பற்றி அந்தப் பரிந்துரை பேசவே இல்லை.

அதே நாட்டின் நீரிழிவு சங்கத்தைப் பார்த்தால் தொனி கொஞ்சம் மாறுகிறது. இதய நோய் அபாயம் கூடுதலாக உள்ள சர்க்கரை நோயாளிக்கு, ரத்தக்கசிவு ஆபத்தை எடுத்துச் சொல்லிப் பேசியபின் ஆஸ்பிரினைப் பரிசீலிக்கலாம் என்கிறது. 70 தாண்டியவர்களுக்கு நன்மையைவிடத் தீமை கூடுதல் என்றும் சொல்கிறது. இரண்டு பெரிய அமைப்புகள் இப்படிச் சற்று விலகி நின்றால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. நன்மையும் தீமையும் ஏறக்குறைய சமமாக இருக்கும் இடங்களில் இப்படித்தான் நடக்கும். உண்மையில் இந்த விலகல் உங்களுக்குப் பயனுள்ள தகவல்: இது ஆளுக்கு ஆள் மாறக்கூடிய முடிவு என்று அது சொல்லிவிடுகிறது.

வழிகாட்டு நெறியைத் திறந்ததும் வெளியான ஆண்டைப் பாருங்கள். ஆஸ்பிரின் விஷயத்தில் 2018-க்கு முந்தையது என்றால் ஒதுக்கிவிடலாம். காரணம் கீழே வருகிறது.

அடுத்தது காக்ரேன். 1993-இல் தொடங்கிய இந்தச் சர்வதேச அமைப்பு மருந்துக் கம்பெனிப் பணம் வாங்காமல் தொகுப்பாய்வுகளைச் செய்கிறது. ஒவ்வொரு தொகுப்பாய்வுக்கும் எளிய நடையில் ஒரு சுருக்கம் உண்டு. அதை இலவசமாகப் படிக்கலாம். காக்ரேன் தளத்தில் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் கணிசமான சுருக்கங்கள் தமிழிலேயே இருக்கும். மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடுதான், ஆனாலும் வீட்டில் மற்றவர்களுக்குக் காட்ட உதவும். அதில் 'ஆதாரத்தின் உறுதி' என்று ஒரு வரி இருக்கும்: உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என நான்கு படி. 'மிகக் குறைவு' என்றால் மருந்து வேலை செய்யாது என்று பொருளல்ல. இப்போதுள்ள ஆய்வுகளை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று பொருள்.

பப்மெட்டில் தேடும்போது

பப்மெட் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தேடுதளம். கோடிக்கணக்கான கட்டுரைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. பட்டியலில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை தரமானது ஆகிவிடாது. 'பப்மெட்டிலேயே வந்திருக்கிறது' என்று யாராவது மிரட்டினால் அசர வேண்டாம்.

அங்கே பிராண்ட் பெயரைத் தட்டாதீர்கள். அட்டையில் பிராண்டுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப்பெயரைத்தான் தட்ட வேண்டும். ஆஸ்பிரின், டயபடீஸ், பிரைமரி பிரிவென்ஷன் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் இடைவெளி விட்டுக் கொடுங்கள். கடைசி இரண்டு சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தத் தொடர் அப்படியே உள்ள கட்டுரைகள் மட்டும் வரும். பட்டியல் நீளமாக வரும், பயப்படாதீர்கள். இடது பக்கத்தில் வடிகட்டிகள் இருக்கின்றன. அதில் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் வெறும் 'ரிவ்யூ' என்றும் ஒன்று இருக்கும். அது வேறு: ஒரு நிபுணர் தனக்குப் பிடித்த ஆய்வுகளை மட்டும் எடுத்து எழுதியதும் அதில் சேரும். இரண்டையும் குழப்பிக்கொள்வது நிறையப் பேர் செய்யும் தவறு. முழுக் கட்டுரை வேண்டுமென்றால் 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' வடிகட்டியையும் போடுங்கள்.

ஓர் ஆய்வைப் பிரித்துப் பார்ப்போம்

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு, 2018-இல் வெளியான அசெண்ட். பிரிட்டனில் சர்க்கரை நோய் இருந்து, இதய நோய் வெளிப்படாத 15,480 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தினம் 100 மி.கி. ஆஸ்பிரின், மறுபாதிக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. சராசரியாக 7.4 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள்.

கட்டுரைச் சுருக்கத்தில் இருக்கும் எண்கள் இவை. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடுமையான ரத்தக்குழாய் பாதிப்பு ஆஸ்பிரின் போட்டவர்களில் 8.5%, போடாதவர்களில் 9.6%. பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரின் போட்டவர்களில் 4.1%, போடாதவர்களில் 3.2%. கூடுதலாக வந்த கசிவில் பெரும்பகுதி இரைப்பை, குடல் போன்ற இடங்களில்.

இதையே ஒரு விளம்பரம் '12% குறைகிறது' என்று எழுதும்; வாட்ஸ்அப் செய்தி 'ரத்தக்கசிவு 29% கூடுகிறது' என்று எழுதும். இரண்டும் பொய் அல்ல, இரண்டும் ஒப்பீட்டு சதவீதம், அதாவது போடாதவர்களின் எண்ணை நூறாக வைத்துக்கொண்டு பார்த்த வித்தியாசம். அந்தச் சதவீதத்தைக் கண்டதும் எதில் 12%, எதில் 29% என்று கேளுங்கள். ஆயிரம் பேர் கணக்குக்கு மாற்றினால் படம் தெளிவாகும்: ஆயிரம் பேர் ஏழரை வருடம் போல ஆஸ்பிரின் போட்டால் சுமார் 11 பேருக்குக் கடுமையான பாதிப்பு தவிர்கிறது, சுமார் 9 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு கூடுதலாக வருகிறது. மற்ற 980 பேருக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் இந்த இரண்டு விஷயத்திலும் வித்தியாசம் இல்லை. இந்தக் கழித்தலை எந்தக் கட்டுரையிலும் நீங்களே போட்டுவிடலாம், கால்குலேட்டர்கூட வேண்டாம்.

அதே ஆண்டு வந்த ஆஸ்ப்ரீ ஆய்வு பெரும்பாலும் 70 தாண்டிய 19,114 பேரைப் பார்த்தது. அங்கே இதய நோயில் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை, பெரிய ரத்தக்கசிவு மட்டும் கூடியது. 2018-க்கு முந்தைய நெறிகளை ஒதுக்கச் சொன்னது இதனால்தான். பழைய ஆய்வுகள் பல நடந்த காலத்தில் புகைப்பவர்கள் அதிகம், கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை பரவலாக வரவில்லை. தடுப்பதற்கு மாரடைப்புகள் நிறைய இருந்தன. உங்கள் அப்பா ஏற்கெனவே பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறார். ஆஸ்பிரின் சேர்த்துக் கொடுக்கக்கூடிய மிச்ச நன்மை அந்த அளவுக்குக் குறைவு.

'அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் ஆய்வு, நம் ஆட்களுக்குப் பொருந்துமா?' என்று அடுத்து கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அசெண்ட்டில் பெரும்பான்மை வெள்ளையர்தான். அதற்கு டிப்ஸ்-3 என்ற ஆய்வைப் பாருங்கள். கலந்துகொண்ட 5,713 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியர்கள், ஆஸ்பிரின் அளவும் 75 மி.கி. ஆஸ்பிரின் பிரிவில் 4.1% பேருக்கும் வெற்று மாத்திரைப் பிரிவில் 4.7% பேருக்கும் பாதிப்பு வந்தது. ஒப்பீட்டு விகிதம் 0.86 (1 என்றால் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை, 1-க்குக் கீழே என்றால் ஆஸ்பிரின் பிரிவில் பாதிப்பு குறைவு), அதற்குப் பக்கத்தில் 0.67 முதல் 1.10 வரை என்று ஒரு இடைவெளி போட்டிருக்கும். உண்மையான விளைவு அந்த எல்லைக்குள் எங்கேயும் இருக்கலாம்: 33% குறைத்திருக்கலாம், 10% கூட்டியும் இருக்கலாம். இடைவெளிக்குள் 1 என்ற எண் அகப்பட்டால் 'நன்மை உறுதி' என்று சொல்ல முடியாது. அதே சமயம் 'நன்மை இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்' என்பதும் தவறு. செய்தித்தாள் தலைப்புகள் இந்த இடத்தில்தான் அதிகம் வழுக்குகின்றன.

எங்கெல்லாம் ஏமாறலாம்

குலுக்கல் முறையில் பிரிக்காமல், தானாகவே மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிடும் ஆய்வுகளில் கவனம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று அப்படிப்பட்ட ஆய்வுகளை வைத்து நெடுங்காலம் நம்பினார்கள். 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த அமெரிக்க ஆய்வு 2002-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோயும் இதய பாதிப்பும் மாத்திரை எடுத்தவர்களிடம்தான் கூடியிருந்தன. விரும்பி மாத்திரை வாங்கிய பெண்கள் வசதியும் உடல்நல அக்கறையும் உள்ளவர்கள் என்பது முந்தைய கணக்கைக் கெடுத்திருந்தது.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் வரும் எண் மேம்பட்டதையே குணமாக எடுத்துக்கொள்வது. மாரடைப்புக்குப் பின் வரும் இதயத்துடிப்புக் கோளாறை அடக்கும் மருந்துகளை ஆராய்ந்த காஸ்ட் ஆய்வின் முடிவு 1989-இல் வந்தது. இசிஜி அழகாக மாறியது, ஆனால் மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். எலியிலும் சோதனைக் குழாயிலும் நடந்தவற்றுக்கு இதைவிடக் குறைந்த மதிப்பு.

பெரிய இதழ் என்பதும் உத்தரவாதம் அல்ல. கொரோனா காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுவின் பற்றி லான்செட்டில் 2020 மே 22-இல் வந்த கட்டுரை, தரவை யாரும் சரிபார்க்க முடியாததால் ஜூன் 4-இலேயே திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற கட்டுரைக்குப் பப்மெட்டில் மேலே எச்சரிக்கைப் பட்டை தெரியும், பார்க்காமல் கடந்துவிடாதீர்கள். இந்திய ஆய்வு என்றால் மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டில் அதன் எண்ணைத் தேடுங்கள். 2009 ஜூனிலிருந்து இங்கே பதிவு கட்டாயம். தொடங்கும்போது 'இதைத்தான் அளப்போம்' என்று சொன்னதும், முடிவில் வெளியிட்டதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டால் பல சங்கதிகள் வெளிவரும்.

செயற்கை நுண்ணறிவு செயலியிடம் கேட்பவர்கள், அது தரும் கட்டுரைத் தலைப்பை அப்படியே பப்மெட்டில் ஒட்டிப் பாருங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

டாக்டரிடம் என்ன கேட்பது

பத்துக் கட்டுரைகளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். யாருக்கும் நேரம் இருக்காது. ஒரே தாள் போதும். அதில் அசெண்ட்டின் அந்த இரண்டு ஜோடி எண்கள், அப்பாவின் ரத்தக்கசிவு அபாயங்கள். அல்சர் வந்ததுண்டா, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு, முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபன் மாத்திரைகள் எல்லாம் அதில் வர வேண்டும். வலி மாத்திரையை வீட்டில் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆஸ்பிரினோடு அது சேரும்போதுதான் இரைப்பை அதிகம் பாதிக்கப்படுகிறது. மலம் கரியாகப் போனால் உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

பிறகு இரண்டே கேள்வி: 'அப்பாவுக்குப் பத்து வருட இதய அபாயம் எவ்வளவு சதவீதம் இருக்கும்?', 'ஆஸ்பிரின் எழுத வேறு காரணம் ஏதும் உண்டா?' முதல் கேள்விக்கு உலக சுகாதார நிறுவனம் தெற்காசியாவுக்கென்றே ஓர் அட்டவணை வைத்திருக்கிறது; வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம், சர்க்கரை நோய் ஆகியவற்றைக் கொண்டு பார்க்கலாம். இரண்டாவது கேள்விதான் முக்கியம். கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனிலோ காலில் ரத்த ஓட்டம் பார்த்த பரிசோதனையிலோ அடைப்பு தெரிந்திருந்தால், மாரடைப்பு வராவிட்டாலும் உங்கள் அப்பாவை 'இதுவரை எதுவும் வராதவர்' கூட்டத்தில் சேர்க்க முடியாது. அப்போது மேலே சொன்ன ஆய்வுகள் அவருக்குப் பொருந்தாது. தாளில் எழுதிய கேள்வியின் முதல் விவரத்தை, அதாவது 'யாருக்கு' என்பதை மாற்றி எழுதிக்கொண்டு மறுபடி தேட வேண்டியிருக்கும்.