உதகை வீட்டுக் கணப்பு: விறகா, கேஸா?

கேள்வி: உதகமண்டலத்தில் பழைய பங்களா ஒன்றை வாங்கியிருக்கிறோம். கூடத்தில் குளிர்காயக் கல்லால் கட்டிய கணப்பு இருக்கிறது; பல ஆண்டுகளாக யாரும் அதை எரிக்கவில்லை. எங்களுடன் வசிக்கப்போகும் என் தாயாருக்கு வயது 76, அவ்வப்போது மூச்சிரைப்பு வரும். விறகுப் புகை அவருக்கு ஆகாது, புகைபோக்கியே தேவைப்படாத கேஸ் கணப்பைப் பொருத்திவிடலாம் என்று ஒரு கடைக்காரர் வற்புறுத்துகிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கடைக்காரர் சொல்லும் அந்தக் கருவியை முதலில் விலக்கிவிடுங்கள். விறகா, கேஸா என்பதை அதன் பிறகு பேசலாம். எது எரிந்தாலும் அதன் கழிவு எங்காவது போயாக வேண்டும். புகைபோக்கி தேவையில்லை என்றால், அந்தக் கழிவு முழுவதும் உங்கள் தாயார் உட்கார்ந்திருக்கும் கூடத்திலேயே தங்கும் என்றுதான் பொருள். 1 கிலோ சமையல் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. கூடத்துக்குப் போதுமான 6 கிலோவாட் கருவியை மாலையில் ஐந்து மணி நேரம் எரித்தால், மூன்றரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை அறைக்குள் தெளித்ததற்குச் சமம். அது குளிர்ந்த சுவர்களிலும் அலமாரிக்குப் பின்னாலும் படிந்து பூசணம் பிடிக்கும். மூச்சிரைப்பு உள்ளவருக்குப் பூசணமும் ஆகாது.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். 'ஜெட்' எனப்படும் வாயுத்துளை சமவெளிக்கேற்ப அமைந்த பர்னரில் வாயு வழக்கம்போல் வரும், ஆனால் அதை முழுமையாக எரிக்கக் காற்று போதாது. கரி படியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சமையல் அடுப்பென்றால் நீலச் சுடர் மஞ்சளாவதைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளலாம். கணப்பிலோ விறகு எரிவதுபோல் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சுடரை மஞ்சளாகவே அமைக்கிறார்கள் என்பதால், நிறத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. "உதகையின் உயரத்துக்கு ஏற்ப ஜெட் மாற்றப்பட்டுள்ளது" என்று ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் பெரும்பாலான விற்பனையாளர்கள் பேச்சை மாற்றியிருக்கிறார்கள். மலை ஊருக்குப் போகும் கருவி என்று தெரிந்தே விற்பவர் இந்த ஒரு வரியை எழுதத் தயங்குவதை எந்த அலுவலகமும் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய ஆதங்கம்.

உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது, பழைய கணப்பின் வாய்க்குள் கண்ணாடிக் கதவுள்ள வார்ப்பிரும்பு விறகு அடுப்பைப் பொருத்தி, அதிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை துருப்பிடிக்காத எஃகுக் குழாயை ஏற்றுவதுதான். திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை மேலே போய்விடும். மூடிய அடுப்பில் பாதிக்கும் மேல் அறைக்குள் தங்கும். குழாயின் முனை, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயர்ந்திருக்கவும் வேண்டும். இல்லையேல் காற்றடிக்கும் நாளில் புகை திரும்பி வரும்.

விறகு வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளூரில் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸையும், சீகை எனப்படும் வாட்டில் மரத்தையும் தரகர்கள் லாரியில் கொண்டுவந்து, காய்ந்த விறகு என்று இறக்கிவிட்டுப் போவார்கள். வெட்டிய புதிதில் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க, இரண்டு பருவமழையும் பெய்யும் அந்த ஊரில், பிளந்து கூரையின் கீழ் அடுக்கி ஓராண்டாவது காத்திருக்க வேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், வெட்டுமுகத்தில் நட்சத்திரம்போல் வெடிப்பு ஓடியிருக்கும். ஈரக்கட்டை மந்தமாக ஒலிக்கும். ஈர விறகின் புகை குழாயில் தார்போலப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பற்றும். உங்கள் தோட்டத்து மரத்தையே வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ணினால், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் அவசியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முறையாக விண்ணப்பிப்பவர் மேசை மேசையாக அலையும்போது, அதே விறகைத் தரகர் எந்தக் காகிதமும் இல்லாமல் மாலைக்குள் இறக்கிவிடும் நிலையை எப்படி ஏற்பது?

உங்கள் தாயாரைப் பொறுத்து ஒரு விலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். மூடிய அடுப்பிலும், விறகு போடக் கதவைத் திறக்கும்போது சிறிது புகை வெளிவரத்தான் செய்யும். அவருக்கு எப்போதாவது மட்டும் இரைப்பு வருமானால், கதவை மெல்லத் திறந்து, அந்த நேரத்தில் அவரை அடுத்த அறையில் இருக்கச் செய்தால் போதும். அன்றாடம் இன்ஹேலர் தேவைப்படுபவர், இரவில் மூச்சுத் திணறி எழுபவர் என்றால், மருத்துவரைக் கேட்டுவிட்டு கேஸுக்கே போங்கள். ஆனால் முகப்பில் கண்ணாடி முழுவதும் மூடியிருக்க வேண்டும். குழாய்க்குள் குழாயாக அமைந்து, வெளிக்காற்றை இழுத்துக் கழிவை வெளியே தள்ளும் வகையாக மட்டுமே இருக்க வேண்டும். சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, தரைமட்டத்தில், காற்றோட்டமான இடத்தில் நிற்கட்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் பள்ளத்திலும் நிலவறையிலும் தேங்கும். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் சமையலுக்கு மட்டுமே உரியது. 19 கிலோ வணிகச் சிலிண்டர், நான் முதலில் சொன்ன 6 கிலோவாட், ஐந்து மணி நேரக் கணக்கில், எட்டு நாள்தான் வரும். உறைபனி விழும் ஜனவரி அதிகாலையில் எரிவாயுவிலுள்ள பியூட்டேன் சரியாக ஆவியாகாமல் சுடர் தளரும். சிலிண்டர் காலியாகிவிட்டது என்று எண்ணி மாற்றிவிடாதீர்கள்.

எதை வாங்குவதற்கும் முன்பாக, கணப்பின் வாயில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்துப் பகலில் மேலே பாருங்கள். சதுரமாக வானம் தெரிய வேண்டும். பழைய வீடுகளில் காக்கைக் கூடும் தேனடையும் இடிந்த செங்கல்லும் அடைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அடைப்பை நீக்கி, குழாய் ஏற்றி, வேலை முடியும்வரை குளிருக்கு அஞ்சிக் கரி அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள்; அப்படி வைத்துக்கொண்டு கதவை மூடிப் படுத்தவர்கள் இறந்த செய்திகள் கொடைக்கானலிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வந்திருக்கின்றன. விறகோ கேஸோ, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகள் இரண்டு வாங்கி, ஒன்றைக் கூடத்திலும் மற்றொன்றை உங்கள் தாயார் உறங்கும் அறையிலும் பொருத்துங்கள்.