கார் மாற்றும்போது பழைய பதிவு இலக்கத்தை வைத்துக்கொள்ள முடியுமா?

பிரித்தானியாவில் பழைய காரை விற்பனையாளரிடம் கொடுத்து வேறு கார் எடுக்கும்போது, இப்போதுள்ள இலக்கத்தைத் தக்கவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தக்கவைக்கலாம், ஆனால் பழைய கார் உங்கள் பெயரில் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். அனேகமாக நீங்கள் புதிய காருக்கு முற்பணம் கட்டிய பிறகுதான் இதை யோசிக்கிறீர்கள். நான் யோசித்தது அதற்கும் பிந்தி.

என் அப்பா லண்டனில் முதன்முதலாக வாங்கிய கார், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் இலக்கம் கொண்டது. அதாவது 1997 ஆகஸ்டுக்கும் 1998 யூலைக்கும் இடையில் பதிவானது. 2001இல் அதைப் பாவித்த காராகத்தான் வாங்கினார். ஒவ்வொரு முறை பெற்றோல் அடித்ததும் லீற்றரையும் மைலையும் ஒரு நீலக் கொப்பியில் எழுதுவார். அந்தக் கொப்பியின் மேலட்டையில் காரின் இலக்கத்தைக் கொட்டை எழுத்தில், கீழே இரட்டைக் கோடிட்டு எழுதியிருந்தார். 2016இல் அவருக்கு வேறு கார் எடுத்தபோது கடைக்குப் போனவன் நான். "இலக்கத்தைப் பிறகும் எடுக்கலாம்" என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, அப்பா கையெழுத்திட்ட லொக் புக்கை, அதாவது காரின் பதிவுப் பத்திரத்தை, கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமை கழித்து அப்பா கேட்டார்: "தம்பி, நம்பரைக் கழட்டி வைச்சனியே?" உடனே விசாரித்தேன். கார் அதற்குள் வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தது; இலக்கத்தின் உரிமையும் காரோடு அவருக்கே போய்விட்டது.

ஒரு சாதாரண இலக்கத்துக்கு இவ்வளவு கவலையா என்று சிலர் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் பெருமைக்காக வாங்கும் இலக்கங்களைப் பற்றிப் பேசவில்லை. வாகனப் பதிவுகளைக் கவனிக்கும் அரச நிறுவனமான டி.வி.எல்.ஏ 1989இலிருந்து ஏலத்தில் விற்கும் இலக்கங்களை மட்டுமே இப்படி வைத்திருக்கலாம் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. காருக்கு முதன்முதலில் கிடைத்த சாதாரண இலக்கத்தையும் அதே விதிப்படி எடுத்து வைக்கலாம். இதைத் தெரிந்திருந்தும் சொல்லாமல் விடும் விற்பனையாளர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

செய்ய வேண்டியது அதிகமில்லை. லொக் புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர் இணையத்திலோ, வி317 படிவத்தைத் தபாலில் அனுப்பியோ விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 80 பவுண். கார் தன் சொந்த இயந்திரத்தில் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். வீதி வரி கட்டியதாகவோ, ஓடாமல் நிறுத்தி வைத்திருப்பதாக அறிவித்ததாகவோ இருக்க வேண்டும். இலக்கத்தை எடுத்து வைத்ததற்கான வி778 என்ற பத்திரம் வரும். அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும், தேவையானால் புதுப்பிக்கலாம். அடுத்த கார் இன்னும் முடிவாகாவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காரின் வயதைக் குறைத்துக் காட்டும் இலக்கத்தை அதற்குப் போட முடியாது. அப்பாவின் 'ஆர்' இலக்கம் புதிய காருக்குத் தடையில்லாமல் பொருந்தியிருக்கும்.

இலக்கத்தை எடுத்ததும் பழைய காருக்கு வேறு இலக்கம் கொடுப்பார்கள். அதற்கேற்பத் தகடுகளை மாற்றி, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். மாற்று இலக்கத்துடன் புதிய லொக் புக் தபாலில் வர சில கிழமைகள் ஆகலாம் என்பதால், அது கைக்கு வரும்வரை பழைய காரின் சாவியைக் கொடுக்காதீர்கள்.