யாரைப் பார்த்தாலும் இரங்கும் பிள்ளை உளவியல் படிக்கலாமா?

யார் அழுதாலும் உங்கள் மகளும் சேர்ந்து அழுகிறாள், அவளால் உளவியல் துறையில் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அந்த இரக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மனதில் மறைந்திருப்பதைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வு (ஃபிராய்டு தொடங்கிய சிகிச்சை முறை) முதலில் கேட்பதும் இதைத்தான்.

நேசிப்பவர் மீதே குழந்தைக்குக் கோபமும் வருகிறது, அதனால் குற்றவுணர்வும் வருகிறது. அந்தக் குற்றவுணர்விலிருந்து, கெடுத்ததைச் சரிசெய்யும் ஆசை பிறக்கிறது என்றார் உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைன். தன் ஆசைகளைத் துறந்துவிட்டு, அவை பிறருக்கு நிறைவேற ஓடியாடிய ஒரு பெண்ணைப் பற்றி ஃபிராய்டின் மகளும் உளப்பகுப்பாய்வாளருமான அன்னா ஃபிராய்டு 1936-இல் எழுதினார். வெளியே தியாகம், உள்ளே அவளுடைய ஆசைகள் அடுத்தவர் மூலம் உயிரோடிருந்தன.

உங்கள் மகளின் இரக்கமும் இப்படித்தானா என்று வீட்டில் கவனியுங்கள். தோழி உதவியை மறுத்தால் மகள் நாள்கணக்கில் வாடுகிறாளா? தனக்கு முடியாதபோது பிறர் உதவியை ஏற்கிறாளா? "இன்றைக்கு முடியாது" என்று சொல்ல வருகிறதா? இவை கடினமாக இருந்தாலும் படிப்பைத் தடுக்காதீர்கள். பயிற்சியில் சரிசெய்ய வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரிசெய்யாவிட்டால் சிகிச்சையே கெடும். இரக்கம் மிகுந்த சிகிச்சையாளர் 50 நிமிட அமர்வை நீட்டுவார், கட்டணத்தை விடுவார், நள்ளிரவு அழைப்பை எடுப்பார். 'இவ்வளவு நல்லவரிடம் எப்படிக் கோபப்படுவது' என்று சிகிச்சைக்கு வந்தவர் வாயடைத்துப் போவார். பல நேரம் வெளிவர வேண்டியதே அந்தக் கோபம்தான். அறுவை மருத்துவரைப் போல இரக்கத்தையும் ஒதுக்கிவைக்கச் சொன்னார் ஃபிராய்டு, 1912-இல். ஆனால் சிகிச்சையாளரின் உணர்வே வந்தவரைப் புரிந்துகொள்ளும் கருவி என்று 1950-இல் உளப்பகுப்பாய்வாளர் பாலா ஹைமன் காட்டினார்: உணர்வை விரட்டாதே, உடனே அதன்படி நடக்கவும் செய்யாதே, ஆராய். மாணவர்களுக்கு இதுவே உதவும் என்பது என் கருத்து.

படிப்பு விஷயம்: முதுகலை உளவியல் பட்டம் மட்டும் இருந்தால் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. இந்திய மறுவாழ்வுக் குழுமம் (RCI) என்ற மத்திய அரசு அமைப்பு அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவும் வேண்டும். கட்டணம் கட்டுமுன் குழுமத்தின் பட்டியலில் கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர் இரண்டையும் பாருங்கள். உளப்பகுப்பாய்வுப் பயிற்சி தனி. 1922-இல் கொல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் அதை நடத்துகிறது. அதில் பயிற்சி பெறுபவரும் பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும். வாரத்தில் பல அமர்வுகள், பல ஆண்டுகள். செலவை முன்பே விசாரியுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: மாணவர் பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் மூத்தவரோடு உட்கார்ந்து பேச வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள்? பதில் தெளிவாக வராவிட்டால் வேறு கல்லூரி பாருங்கள்.