ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு மலையகம்: எந்தப் பக்கம் முதலில்?

வத்தளையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. ஓகஸ்ட் விடுமுறையில் 5 நாள் மலையகம் போகிறோம். மஸ்கெலியாவில் அம்மா வீடு, நுவரெலியாவில் படகு, ஹோட்டன் சமவெளி, எல்ல, கோச்சிப் பயணம் எல்லாம் வேண்டும் என்கிறார்கள். போன முறை மழையில் மாட்டி, வளைவுகளில் வாந்தி எடுத்து, சின்னவனுக்குக் காய்ச்சலும் வந்துவிட்டது. எப்படித் திட்டமிடுவது?"

சகோதரி, ஓர் இடத்தை விட்டுவிட்டு, அம்மா வீட்டைக் கடைசிக்கு மாற்றினாலே பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை, நடுமலைத்தொடர் மேற்குச் சரிவிலேயே கொட்டவைத்துவிடும். மஸ்கெலியா, வட்டவளை, ஹட்டன் பக்கம் விடாமல் தூறும் நாளிலும் பண்டாரவளை, எல்ல, அப்புத்தளையில் நல்ல வெயில் அடிக்கும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று காய்ந்துபோய், வேகமாக வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுவதும் இந்தக் காலத்தில்தான்.

அதனால் முதல் 3 இரவும் பண்டாரவளையில் ஒரே வீட்டில் தங்குங்கள். தினம் ஒரு விடுதி மாறினால் பிள்ளைகளுக்குத் தூக்கம் கெட்டுவிடும். வெளியே சுற்றுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மத்தியானம் அவர்கள் இஷ்டத்துக்கு விளையாடட்டும்.

விடவேண்டியது ஹோட்டன் சமவெளி. சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். மகன் பாதிவழியில் தோளில் ஏறிவிடுவான். ஓகஸ்டில் காற்றும் மூடுபனியும் சேர்ந்து, அங்குள்ள 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் நின்றாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஜனவரி முதல் மார்ச் வரை அதற்கு நல்ல காலம்.

அதற்குப் பதில் அப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனைக்குப் போங்கள். தம்பதென்ன தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர் ஏற்றம். விடியற்காலையில் ஓட்டோவில் ஏறிவிட்டு, பிள்ளைகளால் முடிந்த தூரம் இறக்கத்தில் நடந்து வாருங்கள். நேரம் போனால் மேகம் மூடிவிடும். வழியில் கொழுந்து எடுக்கும் அக்காமாரைக் காண்பீர்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் முதலே சொல்லிவையுங்கள். குளிர்காற்றில் தாகமும் தெரியாது, வெயில் சுடுவதும் தெரியாது. தொப்பி போட்டுவிட்டு, அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.

எல்லவில் சின்னச் சிவனொளிபாதம் மகனுக்கும் ஏறக்கூடிய மலை. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்க்கலாம், ஆனால் தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கவேண்டாம். இராவணன் நீர்வீழ்ச்சியைத் தள்ளி நின்று பார்த்தால் போதும். அங்கே குளிக்கப்போய் உயிர்விட்டவர்கள் உண்டு.

கோச்சிக்கு முழுநாளைக் கொடுக்காதீர்கள். பண்டாரவளையிலிருந்து எல்ல வரையான சிறு பயணமே பிள்ளைகளுக்குத் தாராளம். 2025 நவம்பரில் டித்வா புயலால் மலையகப் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. அதனால் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நாலாம் நாள் வெலிமடை வழியாக மஸ்கெலியாவுக்குப் புறப்படுங்கள். ஹக்கல பூங்காவும் சீதா எலிய கோவிலும் அந்தப் பாதையிலேயே இருக்கின்றன. நுவரெலியாவின் கிரகரி வாவியில் படகையும் அன்றே முடித்துவிடலாம். புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், வயிறு முட்டவும் கொடுக்காதீர்கள். ஒரு துண்டு ரொட்டி போதும். வாந்தி வரும் பிள்ளையை முன்னோக்கிய இருக்கையில், தூரத்துப் பாதை தெரியும்படி உட்காரவைத்து, ஃபோனை வாங்கிவிடுங்கள்.

அம்மா வீட்டில் எங்கும் கிளம்பாமல் இருங்கள். மழை பெய்யட்டும், பேரப்பிள்ளைகள் அடுப்படியில் குளிர்காயட்டும். முற்றத்தில் இறங்கினால் அட்டை ஏறும். நீளமான மேஸ் போட்டு, மேலே சவர்க்காரம் தேய்த்துவிடுங்கள். கடித்தால் பிடித்து இழுக்காமல், அது ஒட்டியிருக்கும் மெல்லிய முனையின் அடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளுங்கள். மற்ற முனையையும் அப்படியே. இரத்தம் உறையாதபடி அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்சநேரம் கசியும். கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற பனடோல் மட்டும் கொடுத்துப் பயணத்தை நிறுத்துங்கள். கொழும்புப் பக்கத்தில் டெங்கு அதிகம் என்பதால், புறப்படுமுன்பே நுளம்பு கடித்திருக்கலாம். இபுப்ரோஃபன் வேண்டாம். 2 நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் பரிசோதியுங்கள். அதற்கு முன்பே வயிற்றுவலியோ, விடாத வாந்தியோ, சோர்வோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.